உறைக்குள் இரண்டு பெயர்

பலெர்மோ,
03.02.1997

அன்புள்ள அத்தானுக்கு,

ராணி எழுதுகிறேன். நானும் உங்கள் மகள் சுஜானியும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் சுகமாக இருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன். நத்தார் பண்டிகைக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. ரெலிபோன் எடுத்தால் யாரோ ஒருவர் "அவர் வேலையில நிக்கிறார்" என்று சொல்லி வைத்துவிடுகிறார். ஏழு வருடமாக ஒரே சமையலறையில் நிற்கிறீர்கள், அந்த ரெஸ்டோரன்ட்காரன் உங்களுக்கு ஒரு நாள் லீவு தரமாட்டானா? சரி, கோபம் இத்தோடு போகட்டும். ஒரு புதுப் புதினம் சொல்ல இருக்கிறது.

லிபெர்த்தாத் தெருவில் நான் வேலை செய்கிற வீட்டு அம்மா, சிஞ்ஞோரா ஊர்சுலா உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜேர்மன்காரி, சிற்பி, இத்தாலியனைக் கட்டி வந்து, அவர் செத்த பிறகும் திரும்பிப் போகாதவர். அங்கே உங்கள் ஜேர்மன் அரசாங்கம் யாராவது பெரிய ஆட்களின் நினைவாகப் பத்து மார்க் வெள்ளி நாணயம் வெளியிடுகிறது அல்லவா, அதன் வடிவத்துக்குப் போட்டி வைப்பார்களாம். அழைத்த சிற்பிகள் மட்டும் அனுப்பலாம். சிஞ்ஞோராவை நாலு முறை அழைத்தார்கள், நாலு முறையும் தோல்வி. இது ஐந்தாவது. பிங்கன் என்ற ஊரின் ஹில்டெகார்ட் என்ற கன்னியாஸ்திரிக்கு வருகிற வருடம் தொள்ளாயிரம் வயதாம். மடத்துத் தலைவியாக இருந்தாராம், வைத்தியம் செய்தாராம், பாட்டுக் கட்டினாராம், பாப்பரசருக்கே புத்தி சொல்லிக் கடிதம் எழுதினாராம். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

நாணயத்தைச் சின்னதாகச் செய்வதில்லை. சாப்பாட்டுத் தட்டு அளவில் பாரிஸ் சாந்தில் செதுக்கினால், பிறகு ஒரு மெஷின் அதைச் சுருக்கும். ஒரு பக்கம் ஆள், மறுபக்கம் கழுகு. அந்தக் கழுகையும் ஒவ்வொரு நாணயத்துக்கும் புதிதாகக் கீறவேண்டும், அதுதான் சட்டம். சிஞ்ஞோரா நத்தாருக்கு அடுத்த கிழமை படியில் விழுந்து வலக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மூன்று வருடமாக அவருக்குச் சாந்து குழைத்து, அச்சு வார்த்து, எல்லாம் நான்தான். ஊரில் கன்னியர் மடத்தில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் பூ எழுப்பிப் பீடத்துக்குத் தைத்தவள் நான். வெள்ளையில் வெள்ளையாக உருவம் எழுப்புவது எனக்கென்ன புதிதா?

அவருடைய பழைய கழுகுகளைப் பார்த்துவிட்டு, "இது பல்லாரோச் சந்தையில காலைக் கட்டித் தொங்கவிட்ட கோழி மாதிரிக் கிடக்கு" என்று எனக்கு வந்த இத்தாலியனில் சொல்லிவிட்டேன்.  கோபித்துக்கொண்டு எழும்பிப் போனவர், பின்னேரம் வந்து உளியை மேசையில் வைத்தார். "அப்படியெண்டா நீயே செய்" என்றார்.

செய்கிறேன், அத்தான். உங்களுக்கு எப்படி இருக்கிறது இது?

என்றும் உங்கள்,
ராணி


ஸ்ருட்காட்,
17.02.1997

அன்பின் ராணி,

உமது கடிதம் கிடைத்தது. இரண்டு முறை வாசித்தேன். வீடு துடைக்கப் போன இடத்தில் அரசாங்கத்துக்குக் காசு அடிக்கத் தொடங்கிவிட்டீர் என்று இங்கே பெடியங்களுக்குச் சொன்னேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அண்ணை, எங்களுக்கும் ரெண்டு அடிச்சு அனுப்பச் சொல்லுங்கோ" என்கிறார்கள். எங்கள் ஊர்ப் பேசாலைக் கடற்கரையில் மீன் தூக்குகிற பருந்தைத் தவிர நீர் எந்தக் கழுகைக் கண்டீர்?

பகிடியை விடுவோம். கை முறிந்த மனிசிக்கு உதவி செய்வது நல்ல விஷயம். செய்யும். செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போம். பெயர், பாராட்டு என்று எதையும் கேட்க வேண்டாம். அரசாங்கக் கடதாசிகளில் எங்களைப் போன்றவர்கள் பெயர் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நிம்மதி. என் அகதி வழக்கு இன்னும் இழுபடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருக்கா கடதாசியை நீட்டித் தருகிறார்கள், அவ்வளவுதான்.

சுஜானிக்குச் சொக்லேற் அனுப்புகிறேன். குளிர் கூட. உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

அன்புடன்,
அகஸ்ரின்


பலெர்மோ,
09.03.1997

அன்புள்ள அத்தானுக்கு,

சொக்லேற் வந்தது. எங்கள் அல்பெர்கேரியா வீட்டுப் படிக்கட்டில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் சுஜானி பங்கு வைத்தாள். "மீயோ பப்பா, என்ர அப்பா அனுப்பினவர்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக்கொண்டு போனாள்.

நீங்கள் கேலி செய்த பேசாலைப் பருந்தைத்தான் செதுக்கினேன். தண்ணீரைத் தொட்டுவிட்டு மேலே எழும்புகிற நேரம் அதன் சிறகு எப்படி வளையும் என்று எனக்குத் தெரியும். சிஞ்ஞோரா கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். பிறகு தன் கையால் எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். இடக்கையால்.

மற்றப் பக்கத்தில்தான் பிழை விட்டேன். ஹில்டெகார்ட் உட்கார்ந்து எழுதுகிறார், மேலேயிருந்து வெளிச்சம் இறங்குகிறது. அவருக்குக் கடவுள் காட்சி கொடுத்த நேரமாம் அது. எல்லாம் முடிந்த பிறகு சிஞ்ஞோரா கத்தினார்: "இவவின்ர சப்பாத்து எங்கை? றைன் ஆற்றங்கரைக் குளிர் உனக்குத் தெரியுமா? எந்த மடத்துத் தலைவி வெறுங்காலோட இருந்தவ?" எனக்கு அது பிழை என்றே தோன்றவில்லை. மடு மாதா கோயிலுக்குப் போனால் செருப்பை எங்கே விடுகிறோம்? "கடவுள் கதைக்கேக்கை ஆர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு இருப்பினம்?" என்று கேட்டேன். சிஞ்ஞோரா ஒரு சிகரெட் முழுவதையும் குடித்து முடித்தார். பிறகு, "இருக்கட்டும்" என்றார்.

இனித்தான் கதை. சாந்து வடிவத்தில் பெயர் எழுதக்கூடாது, ஒரு இலக்கம் மட்டும். பெயர் தனியாக ஒட்டிய உறைக்குள் போகும். நடுவர்கள் தெரிவு செய்து முடித்த பிறகுதான் அதைத் திறப்பார்கள். "உறைக்குள்ள என்ர பேரும் இருக்குத்தானே?" என்று கேட்டேன். "அழைப்பு எனக்கு வந்தது, விமலா. உனக்கு நான் நல்ல சம்பளம் தாறன்" என்றார். அவர் என்னை விமலா என்றுதான் கூப்பிடுவார்.  பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் பின்னேரம் நாலு மணிக்குள் பொதி ஏற்றவேண்டும், அன்றுதான் கடைசி நாள். முற்றத்தில் பெட்டியை வைத்தேன். அதன் மேல் ஏறி இருந்தேன்.

இருந்தேன் என்றால் இருந்தேன்தான். சிஞ்ஞோரா மூன்றாம் மாடி யன்னலால் கத்தினார். நாலு பக்கத்துப் பல்கனியிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். வாயிற்காவலரின் மனைவி எனக்குக் குஷன் கொண்டுவந்து தந்தார். மூன்று மணி ஆனது. மூன்றேகால் ஆனது. கடைசியில் சிஞ்ஞோரா கட்டுப்போட்ட கையோடு படியிறங்கி வந்து, உறையைக் கிழித்து, என் முதுகில் கடதாசியை வைத்தே இடக்கையால் எழுதி, புது உறையில் ஒட்டினார். என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கப் பொதி ஏறியது.

உங்கள் புத்தியைக் கேட்கவில்லை என்று கோபிக்க வேண்டாம். கோபித்தாலும் பரவாயில்லை.

உங்கள்,
ராணி


ஸ்ருட்காட்,
24.03.1997

ராணி,

நீர் செய்தது சரியான பிழை. வேலை தருகிற மனிசியைச் சனத்துக்கு முன்னால் வெட்கப்படுத்துவதா? நாளைக்கு அவர் வர வேண்டாம் என்றால் என்ன செய்வீர்?

உடனே எனக்கு ஒன்றை மட்டும் எழுதும். அந்த உறைக்குள் என்ன பெயர் கொடுத்தீர்? என் பெயரையும் சேர்த்தா? விலாசம் ஏதாவது கொடுத்தீரா?

அகஸ்ரின்


பலெர்மோ,
20.06.1997

அன்புள்ள அத்தானுக்கு,

முடிவு தெரியட்டும் என்று இவ்வளவு நாளும் எழுதாமல் இருந்தேன். பயப்பட வேண்டாம், உறைக்குள் உங்கள் பெயர் இல்லை. பாஸ்போட்டில் இருக்கிறபடி என் பெயரும் என் அப்பாவின் பெயரும்தான். என் பெயரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுதாமல் உங்கள் பெயரைத் தேடினீர்களே, அது எனக்கு மனவருத்தம். சிஞ்ஞோரா என்னை வேலையிலிருந்து நிற்பாட்டவும் இல்லை. இப்போது முன்கதவைப் பூட்டுகிற திறப்பும் என்னிடம்தான்.

எங்களுக்குக் கிடைக்கவில்லை, அத்தான். வேறொருவருடைய வடிவத்தைத் தெரிவு செய்துவிட்டார்கள். படம் பார்த்தேன், நல்ல வடிவம்தான். ஆனால் என் கழுகு அதைவிட நல்லது. அடக்கம் இல்லாமல்தான் எழுதுகிறேன். நடுவர்களின் குறிப்பில் எங்கள் இலக்கத்துக்கு நேரே, "வெறுங்காலோடு எழுதும் பெண்ணை மறக்க முடியாது" என்று இருந்ததாம். சிஞ்ஞோரா வாசித்துவிட்டு என்னைப் பார்க்காமல் மூக்கைத் துடைத்தார்.

இனிச் சந்தோஷமான விஷயம். போட்டிக்கு வந்த எல்லா வடிவங்களையும் செப்டெம்பரில் அங்கே ஒரு நகரசபை மண்டபத்தில் காட்சிக்கு வைக்கிறார்கள். எங்கள் வடிவத்தின் கீழே இரண்டு பெயரும் அச்சடித்து இருக்கும். சிஞ்ஞோரா என்னையும் சுஜானியையும் கூட்டிக்கொண்டு போகிறாராம். அந்த ஊர் ஸ்ருட்காட்டிலிருந்து ரயிலில் இரண்டு மணித்தியாலம்தான்! போன வருடம் இங்கே இருக்கிற அனுமதி, பெர்மெஸ்ஸோ கிடைத்தபடியால் இப்போது விசாவுக்குப் போடலாம். படிவம் மேசையில் இருக்கிறது. திருமணமானவரா, கணவர் பெயர் என்ன, ஜேர்மனியில் இருந்தால் அவருடைய விலாசம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டு இலக்கம் பதினேழா எழுபதா? உங்கள் கையெழுத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

ஏழு வருடம், அத்தான். நீங்கள் போகும்போது சுஜானிக்கு இரண்டு வயது. "பப்பா போட்டோல இருக்கிற மாதிரி இன்னும் மீசை வச்சிருக்கிறாரோ?" என்று கேட்கிறாள். என்ன சொல்ல?

உங்களைக் காண ஓடிவரும்,
ராணி


ஸ்ருட்காட்,
02.07.1997

என் அன்பின் ராணி,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஆத்திரப்படாமல் வாசியும்.

அந்தப் படிவத்தில் என் பெயரை எழுத வேண்டாம். நான் வந்த புதிதில் முகாமில் இருந்த ஒருவர், தனி ஆள் என்று சொன்னால் அலுவல் கெதியாக முடியும் என்றார். நான் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறகு மாற்ற முடியவில்லை. இரண்டு முறை மறுத்துவிட்டார்கள். மூன்றாம் முறையும் மறுத்தால் விமானம் ஏற்றிவிடுவார்கள். மன்னாரில் இப்போது என்ன நடக்கிறது என்று உமக்குத் தெரியும்.

என்னோடு வேலை செய்கிற றோஸ்மேரிக்கு இந்த நாட்டுப் பாஸ்போட் இருக்கிறது. செப்டெம்பரில் பதிவுத் திருமணம். கடதாசிக்காக மட்டும், ராணி. மாதா மேல் ஆணை. மூன்று வருடத்தில் எல்லாம் முடித்துவிட்டு உங்கள் இருவரையும் கூப்பிடுவேன். அதுவரைக்கும் நீர் இந்தப் பக்கம் வராமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. கட்டாயம் வரத்தான் வேண்டும் என்றால், படிவத்தில் விதவை என்று போடும். சண்டை நடக்கிற நாடு, அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள்.

நான் கெட்டவன் இல்லை. யோசித்துப் பாரும்.

உமது,
அகஸ்ரின்


பலெர்மோ,
16.07.1997

அகஸ்ரின் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் சாந்த ரொசாலியாவின் திருவிழா அன்று கிடைத்தது. தெருவெல்லாம் வெடியும் பாட்டும். நான் சிஞ்ஞோரா வீட்டில் உடுப்புத் தோய்க்கிற அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். நன்றாக அழுதேன். இனி உங்களுக்காக அழ மாட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய்யாக இருக்கும். பொய் எழுதுகிற வேலையை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

நீங்கள் தனி ஆள் என்று எழுதிய அன்று, பிள்ளைகள் என்ற இடத்தில் என்ன எழுதினீர்கள்? இல்லை என்றா? கடிதத்தில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். சுஜானி ஒவ்வொரு வாசலாக நின்று உங்கள் பெயரைச் சொல்லிச் சொக்லேற் கொடுத்தவள்.

பயத்தில் ஒரு பொய் சொன்னீர்கள், அது எனக்கு விளங்குகிறது. நானும் ஏஜென்சிக்காரனோடு களவாக எல்லை கடந்து வந்தவள்தான். சட்டம் கதைக்க நான் ஆளில்லை. ஆனால் ஏழு வருடத்தில் ஒரு கடிதத்திலாவது என்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாததோடு, உயிரோடு இருக்கிற உங்களை என் கையாலேயே சாகடித்து எழுதச் சொல்கிறீர்கள். மாட்டேன். நான் விதவை இல்லை. நீங்கள் செத்துப்போகவும் இல்லை. சிஞ்ஞோராவின் பெட்டிக்கு மேல் ஏறி இருந்தவளிடமா இதைக் கேட்கிறீர்கள்?

படிவத்தை நேற்று நிரப்பிவிட்டேன். திருமணமானவர்: ஆம். கணவர் பெயர்: உங்கள் பெயர். பிள்ளை: ஒன்று. விலாசம் பதினேழு என்று எழுதினேன், சொக்லேற் பொதியில் தெளிவாக இருந்தது. இதை உங்களைக் காட்டிக்கொடுக்க எழுதவில்லை. நான் யார் என்று கேட்டிருக்கிறார்கள், பதில் எழுதியிருக்கிறேன். ஜூலை இருபத்தெட்டாம் தேதி கொன்சொலாத்தோவில், அதுதான் ஜேர்மன் தூதரகத்தில், கொடுக்கிறேன். அதற்கு முன்னால் நீங்களே ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு போய் உண்மையைச் சொல்லலாம். நீங்களே சொன்னால் குறைவாகத்தான் கோபிப்பார்கள் என்று சிஞ்ஞோரா சொல்கிறார். வழக்கறிஞர் ஒருவரின் பெயரும் ரெலிபோன் நம்பரும் இத்துடன் இருக்கிறது, சிஞ்ஞோரா அவருக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார். ஊருக்கு அனுப்பாமல் உங்களைக் காப்பாற்ற வழி இருக்கிறதாம். அந்த வழியில் போனால் நான் வந்து உங்களுக்காகச் சாட்சி சொல்வேன். றோஸ்மேரியின் வழியில் போனால் என்னைத் தேட வேண்டாம்.

காட்சி செப்டெம்பர் ஆறாம் தேதி தொடங்குகிறது. காலை பத்து மணி, நுழைவு இலவசம். நான் என் கழுகுக்குப் பக்கத்தில் நிற்பேன். வர விருப்பம் என்றால் வாருங்கள், அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவளுக்கும் உண்மை தெரியட்டும். சுஜானியும் என்னோடு வருகிறாள். நீங்கள் யார் என்று அவளுக்கு நீங்களேதான் சொல்லவேண்டும். நான் சொல்லமாட்டேன்.

விமலராணி