என் கால்கள் நடுங்கியபோது அம்மா கேட்டது

அருமை அப்பா,

ஒரு நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். கூடவே, உங்கள் மனைவி எனக்குச் சூடம் காட்டிய கூத்தையும் சொல்லியாக வேண்டும். கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள்.

வேங்கிக்கால் திருப்பத்தில் நாய் குறுக்கே வந்ததும், நான் ஸ்கூட்டியில் பிரேக் போட்டதும், பின்னால் இருந்த நீங்கள் விழுந்ததும் உங்களுக்குத் தெரியும். அதன்பிறகு நடந்தது தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் என் கால்கள் வெடவெடவென்று நடுங்கின. சித்தப்பா தோளை அழுத்திப் பிடித்து, "நடுங்காத. அண்ணி உன்னைத்தான் பாக்கறாங்க" என்றார். பல்லைக் கடித்து நிறுத்திவிட்டேன். தைரியமான பெண் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

இரண்டு வருடமாகக் கடித்த பல்லைத் திறக்கவே இல்லை அப்பா. தாடை வலிக்கும், தூக்கம் வராது, ஸ்கூட்டி பக்கமே போகமாட்டேன். அம்மா என்னைக் குற்றவாளியாக நினைக்கிறாளோ என்ற பயம்தான் என்னைத் தின்றது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நான் வேலை பார்க்கும் செங்கம் ரோடு விடுதியின் மாடியில், உடம்பின் இறுக்கத்தைத் தளர்த்தச் சொல்லித்தரும் ஒரு வகுப்பு நடக்கிறது. வருபவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். பாய் சுருட்டப் போன என்னையும் டீச்சர் ஒருநாள் சேர்த்துக்கொண்டார். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே உட்கார்ந்த மாதிரி, தொடை எரியும்வரை நிற்க வேண்டும். பிறகு மல்லாந்து படுத்து, பாதங்களை ஒட்டவைத்து, விரிந்த முட்டிகளை மெல்ல மேலே கொண்டுவர வேண்டும். கால் தானாக நடுங்கத் தொடங்கிவிடும்.

"நடுங்கட்டும், விடுங்க. போதும்னு தோணினா காலை நீட்டுங்க, நின்னுடும்" என்றார் டீச்சர். நடுங்கலாம் என்று ஒருவர் சொன்னதே எனக்கு அழுகையை வரவழைத்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

வீட்டிலும் செய்ய ஆரம்பித்தேன். போன வெள்ளிக்கிழமை காலை, தலைக்குக் குளித்துவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். கால் முதல் தோள்வரை குலுங்கியது. திடீரென்று சூட வாசனை. பார்த்தால் அம்மா தட்டோடு நிற்கிறாள். அம்மன் வந்து இறங்கிவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டாள்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு எழப் போனேன். அதற்குள் அம்மா கேட்டுவிட்டாள்.

"தாயே, என் பொண்ணு தன்னாலதான் அவர் போயிட்டாருன்னு நெனச்சிக்கிட்டு கெடக்கறா. அவ மேல ஒரு தப்பும் இல்லைனு நீயே சொல்லு. நான் பேச்செடுத்தா எழுந்து போயிடறா."

உண்மைதான் அப்பா. உங்கள் பேச்சு வந்தாலே எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும். அவள் பேசாமல் இருக்கவில்லை, நான்தான் பேச விடவில்லை.

காலை நீட்டினேன். நடுக்கம் நின்றது. "சாமி இல்லம்மா. நான்தான்" என்றேன்.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "நீயா? அப்ப ரொம்ப நல்லது. காதுல விழுந்துச்சில்ல?"

விழுந்தது. அவள் மடியில் முகத்தை வைத்து, அன்று ஆஸ்பத்திரியில் அழாததையெல்லாம் அழுதேன். எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா அப்பா?

திங்கட்கிழமை அம்மாவுக்குக் கலெக்டர் ஆபீசில் ஒரு வேலை இருக்கிறது. வேங்கிக்கால் வழியாக ஸ்கூட்டியில் நான்தான் கூட்டிப்போகிறேன். அந்தத் திருப்பத்தில் என் கால் நடுங்கினால் வண்டியை ஓரங்கட்டுவேன். நடுங்கி முடிக்கும்வரை இருவரும் நிற்போம். பிறகு அம்மாவைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். இது சத்தியம்.

உங்கள் ஒரே பெண்,
கலா