ஆடி கழியட்டும்

அக்கா, மத்தியானமே இருட்டிக்கொண்டு மழை பிடித்துவிட்டது. முன்பு ரப்பர் பால் அளந்த கொட்டகை, அந்தப் பழைய மடுவத்தில்தான் இப்போது குடியிருக்கிறோம். பின்னால் ரோட்டுக்கு மண் வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பச்சை மண் வாடை உள்ளே வந்ததும் வெளியே போய் நிமிர்ந்து பார்த்தேன். இங்கே தலைக்கு மேலே மலை கிடையாது. தெரியும். ஆனாலும் பார்க்கிறேன்.

நம் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே, ரப்பர் மலையில் வெடிப்பை முதலில் கண்டது நீங்கள்தான். பால் வெட்டப் போன காலையில் ஒரு கம்பை அதில் விட்டுப் பார்த்தீர்கள். மறுநாள் அதே கம்பு இன்னும் ஒரு சாண் இறங்கியது.

"தம்பி, மலை வாயத் தொறக்குதுடா. சும்மா கெடக்குற மடுவத்தக் கேப்போம், வா."

ஆபீசில் சிங்களம் பேச நான் வேண்டியிருந்தது. தோட்டத்தை நடத்துகிற தொரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தமிழிலேயே சொன்னார்: "ஆடி மாசம் நீங்க வீடு மாற மாட்டீங்கதானே? ஆடி கழியட்டும். பாப்போம்."

நம் வாயிலிருந்தே பிடுங்கிய சொல். நாம் "கழியட்டும்" என்றால், கெட்டது போகட்டும், பிறகு செய்வோம் என்று அர்த்தம். அவர் சொன்னதில் செய்வோம் என்பதே இல்லை. பால் குறைந்தால் ஒரு பொழுதுகூடப் பொறுக்காத கம்பனிக்கு நம் உயிர் விஷயத்தில் மட்டும் ஆடி வந்துவிடுகிறது.

நீங்கள் பொறுக்கவில்லை. பூட்டை உடைத்து, பாயும் சட்டியுமாக, அப்போது சின்னவளாயிருந்த மகளைக் கூட்டிக்கொண்டு மடுவத்துக்குப் போனீர்கள். லயமே சிரித்தது.

"ஆடியில பால் காய்ச்சுறாளாம்! எங்களுக்கும் ஒரு டம்ளர் வைக்கச் சொல்லுங்கடி" என்றது உங்கள் அடுத்த வீட்டிலிருந்த என் அம்மாவேதான்.

சிரிப்புக்கு நீங்கள் அசையவில்லை. என் பேச்சுக்குத்தான் அசைந்தீர்கள். "இன்னும் பதினேழு நாள்தானேக்கா. வந்துருங்க. ஆடி கழியட்டும்" என்றேன். எனக்கு ஆடியில் நம்பிக்கை கிடையாது. அந்த மாதம்தான் தோட்டத்து வேலையாட்கள் பதிவான செக்ரோலில் என் பெயரைப் பதிந்திருந்தார்கள். பூட்டு உடைந்த விசாரணையில் முன்பு உங்களோடு போய்ப் பேசிய என்னையும் இழுப்பார்கள் என்று பயந்தேன். மலையைவிட அந்த ஆபீசுக்குத்தான் பயந்தேன்.

"நீ சொல்றதாலதான் வர்றேன்" என்றீர்கள்.

மூன்றாம் நாள் மலை இறங்கியது. நான் கீழ் மலையில் தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்தேன். மகள் பள்ளிக்கூடத்தில். நீங்கள் காய்ச்சலோடு லயத்தில் படுத்திருந்தீர்கள். உங்களை மண்ணிலிருந்து எடுத்த அன்று சாயந்தரமே மடுவத்துப் புதுப் பூட்டின் சாவியைத் தொரை அனுப்பிவைத்தார். அப்போதும் ஆடிதான்.

உங்கள் மகள் எங்களோடுதான் வளர்கிறாள். என் தோளுக்கு வந்துவிட்டாள். சற்று முன்னால், பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "மாமா, அன்னிக்கு எங்கம்மாவத் திரும்பக் கூப்பிட்டது யாரு?"

"மொதல்ல சோத்தத் தின்னு. சொல்றேன்" என்றேன்.

அவள் தட்டைக் கழுவுகிற சத்தம் கேட்கிறது, அக்கா.