அந்த வீட்டில் என் ஜெபம் இல்லை

ரூவி, மஸ்கட்
சனிக்கிழமை

மகன் பிரைட்டுக்கு அம்மை எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அண்ணன் பெனோவும் அவன் வீட்டாரும் இங்கே சுகம். நீயும் ஷிஜியும் பேத்தி ரெஷ்மாவும் அங்கே சுகமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இனி என் கோபத்தைச் சொல்லுகிறேன், உட்கார்ந்து வாசி. போனில் சொன்னால் சிக்னல் இல்லை என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கை வலித்தாலும் எழுதுகிறேன்.

ரெஷ்மாவின் கல்யாண விருந்துக்கு வாடகைக்குப் பிடித்த வீடு என்று படம் அனுப்பினாயே, வெள்ளைத் தூணும், வழியின் இரண்டு பக்கமும் பாசி தொங்குகிற பெரிய மரங்களும். முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கீழ்வீட்டு அஸ்மத் பீவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், ராசா வீடு மாதிரியில்லா இருக்கு என்றாள். ராசா என்றால் யார் ராசா என்று எனக்கு ஒரு எண்ணம் வந்தது. போன வாரம் வெள்ளிக்கிழமை பெனோவுக்கு டூட்டி இல்லை, பக்கத்தில் இருத்தி அந்த வீட்டுக் கதையையும் அமெரிக்காவில் உங்கள் சார்லஸ்டன் ஊர்க் கதையையும் இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். ஒரு இடத்தில் அவன் குரல் இறங்கிற்று, இரண்டு வரியைத் தாண்டப் பார்த்தான். "என்னத்தலே முழுங்குத" என்றேன். அதன்பிறகு எல்லாம் சொன்னான்.

முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னே வெள்ளைக்காரன் கப்பலில் வந்தானாம். கியாவா என்கிற அந்த மண்ணின் ஜனத்துக்குத் தலைவனாயிருந்தவன்தான் இங்கே வந்து குடியிருங்கள் என்று இடம் காட்டினானாம். வந்தவன் தன் ராசா சார்லஸ் பேரை ஊருக்கு வைத்துக்கொண்டான். இடம் காட்டின அந்த ஜனத்தின் பேர் இப்போது ஒரு தீவுக்கு இருக்கிறது, அங்கே பணக்காரர்கள் கோல்ஃப் ஆடுகிறார்களாம், ஜனத்தைத்தான் அங்கே காணோம். பிறகு பார்படோஸ் தீவில் கரும்பு போட்டுக் கொழுத்தவர்கள் தங்கள் அடிமைகளையும் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். சதுப்பில் நெல் விளையும் என்று கண்டதும் ஆப்பிரிக்காவில் நெல் விளைகிற கரையிலிருந்தே ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வியாதி இருக்குமோ என்று முதலில் ஊருக்கு வெளியே ஒரு தீவில் அடைத்து, பிழைத்தவர்களை விற்றார்கள். பொறுக்க மாட்டாமல் ஒரு கூட்டம் எழும்பியதாம், அடித்துக் கொன்றார்கள். மறு வருஷம் போட்ட சட்டத்தில் அடிமைக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தால் அபராதம். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், என்னுடைய இந்தக் கோணல் எழுத்துக்குக்கூட அவர்கள் பயந்திருக்கிறார்கள். நீ காட்டிய வீடும் அப்படி நெல்லில் எழும்பியதுதான். மரத்தடியில் வரிசையாக நிற்கிற செங்கல் குடில்கள், பெண் உடுத்து ஒருங்குவதற்கு ஏசி போட்டுக் கொடுப்பார்கள் என்று எழுதினாயே, அவை அந்த ஜனங்கள் படுத்துக் கிடந்த இடம். உனக்கு இது தெரியும். தெரிந்துதான் பிடித்திருக்கிறாய்.

நம் ஊரில் வயலெல்லாம் வைத்து ஆண்ட வலியவீட்டை மறந்துபோனாயா பிரைட்? என் அம்மை சின்னப்பிள்ளையாக அவள் அம்மையோடு அந்த வீட்டு வயலில் நடவுக்குப் போனவள். அங்கே கல்யாணம் என்றால் பின்பக்கம் மண்ணில் குழி தோண்டி, அதற்குள் இலையை அமுக்கி, அதில்தான் இவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். இலை கிழிந்தால் கஞ்சி மண்ணுக்குப் போயிற்று, மறுபடி ஊற்றமாட்டார்கள். என் அம்மை சாகிறவரைக்கும் எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் சோறு விழுமுன் இலையைத் தடவிப் பார்ப்பாள். நீயும் பார்த்திருக்கிறாய், கேலியும் பண்ணியிருக்கிறாய், அதையும் நான் மறக்கவில்லை. அந்த வீடே பின்னால் கல்யாண மண்டபமானதும் உன் கல்யாணத்தை அங்கே வை என்று சபையில் பெரியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நான் ஒருத்தி மாட்டேன் என்றேன். பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் வைத்தோம், மழை அடித்துப் பாயசத்தில் தண்ணீர் விழுந்தது, ஷிஜியின் சித்தி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள், சொல்லட்டும், அவளுக்கு வேறென்ன வேலை. அன்றைக்கு நீ என் பக்கம் நின்றாய். "எங்க அம்மச்சிக்குக் குழியில ஊத்துன வீட்டுல எனக்கு எலை வேண்டாம்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னது யார்? வேறொரு பிரைட்டா?

மாப்பிள்ளை வீட்டார் ஆசைப்பட்டார்கள், அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் வைக்கிறார்கள், பழைய கதை என்று பெனோவிடம் சொன்னாயாமே. பழைய கதையானால் அந்தத் தூணையும் மரத்தையும் காட்டி இன்றைக்கும் ஆள் கூட்டுவானேன். வீடு மட்டும் பழையதாக வேண்டும், அங்கே நடந்தது மட்டும் பழங்கதையாகிவிட வேண்டுமோ. அஸ்மத் பீவியும் ஒரு நேரச் சோறுதானே நேசம்மா, தின்னுட்டு வந்துருங்க என்றாள். அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை, அவள் சோற்றுக்கு ஊற்றிக்கொள்ள ஆணம் கொடுத்துவிட்ட பாத்திரம் இன்னும் என் அடுக்களையில்தான் இருக்கிறது. உன் அப்பா கிறிஸ்துதாஸ் இதே ரூவியில், வேலைக்கு எடுத்த அரபி முதலாளி, அந்தக் கஃபீல், பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துக்கொண்டதால், பெற்ற தாயை அடக்கம் பண்ணப் போக முடியாமல் அறைக்குள் இருந்து அழுத மனுஷன். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் திரும்பிப்போக ஒரு ஊர் இருந்தது, கூப்பிட ஒரு பேர் இருந்தது. அங்கே இறக்கப்பட்டவர்களுக்குப் பேரைக்கூட மாற்றிவிட்டார்கள். ஆனால் அடுத்தவன் வாசலில் காத்து நிற்பது என்னவென்று தெரிந்த தகப்பனுக்குப் பிறந்தவன் நீ, அதை எங்கே தொலைத்தாய்?

பந்திக்கு முன்னால் குடும்பத்தில் மூத்தவர் ஆசீர்வாத ஜெபம் பண்ணுவது நம் வழக்கம், அதற்குத்தானே டிக்கெட் போட்டு என்னைக் கூப்பிடுகிறாய். அந்த வீட்டுக்குள் நின்று, இந்த ஆகாரத்தைத் தந்ததற்கு நன்றி என்று எந்த வாயால் சொல்லுவேன்? நெல்லை விளைவித்தவர்கள் அந்த மண்ணுக்கடியில் கிடக்கும்போது கர்த்தர் என்னைத் திரும்பிப் பார்த்து நீயுமா என்று கேட்கமாட்டாரா? உங்கள் சபை ஹாலில் வை, மழை அடித்தாலும் நனைந்துகொண்டு ஜெபிக்கிறேன். அங்கே என்றால் நான் வரவில்லை. ரெஷ்மா கல்யாணத்தைக் காணாமல் போவது எனக்குச் சின்ன நஷ்டம் என்று நினைக்காதே, நான் கண்மூடுமுன் காண வேண்டும் என்று கர்த்தரிடம் கேட்டுக்கொண்டது இது ஒன்றைத்தான்.

நீ அனுப்பிய படங்களில் ஒன்றில் ரெஷ்மா குடில் சுவரில் விரல் வைத்துச் சிரிக்கிறாள். செங்கல்லில் ஒரு சின்னக் குழி, அதற்குள் அவள் விரல். பெனோ அதைப் பெரிதாக்கிக் காட்டினான். சுடாத பச்சைச் செங்கல்லைத் தூக்கிப்போட்ட அடிமைப்பிள்ளைகளின் விரல்தடம் அதில் பதிந்து அப்படியே சூளையில் வெந்துபோனதாம். என் பேத்தியின் சுண்டுவிரலே அதற்குள் நிறைந்து நிற்கிறதென்றால் அந்தப் பிள்ளைக்கு என்ன வயது இருக்கும்? அவளுக்குத் தெரிந்திருந்தால் சிரிக்கமாட்டாள், நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அது யார் விரல் என்று அவளிடம் சொல்லு, அவள் பூட்டிக்குக் குழியில் கஞ்சி ஊற்றினதையும் சொல்லு. எல்லாம் கேட்ட பிறகும் அங்கேதான் வேண்டும் என்றால் அவளே எனக்குப் பதில் சொல்லட்டும். நீ சொல்லாதே.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக, ரெஷ்மா நல்ல வீட்டில் நன்றாயிருப்பாளாக. சுகர் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போடு, மறக்காதே, கோபத்திலும் அது என் நினைவில் இருக்கிறது.

இலையைத் தடவிப் பார்த்தவள் மகள்,
உன் அம்மை
நேசம்மாள்