பங்காளிகளுக்கு ஒரே கத்தி

செஞ்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் கமலேஷுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் நைனாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு, கடையைத் திறந்து, தினம் ஒரு சண்டை போட்டு நலமாகத்தான் இருக்கிறோம். கவுகாத்தியில் உன் உடம்பும் நன்றாக இருக்கக் குலசாமி துணை நிற்கட்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் ரத்த டெஸ்ட் பேச்சை எடுத்தாலே "சரிம்மா, பாக்கலாம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, முழுசாகப் படி.

நைனா விஷயத்தை அரையும் குறையுமாகத்தான் உனக்குச் சொன்னோம். பக்கத்துக் கடை ரஞ்சிதத்தின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார் இல்லையா, சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து நேரில் வரச் சொல்லிப் போன் வந்தது. ஏதோ சான்றிதழ் கொடுக்கப் போகிறார்கள் என்று கஞ்சி போட்ட வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக விழுப்புரம் பஸ் ஏறினார் உன் நைனா. அங்கே தனியாக உட்கார வைத்து, உங்கள் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி கிருமியின் தடம் தெரிகிறது, நீங்கள் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றவில்லை, இன்னொரு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சல் என்றுகூடப் படுக்காத மனுஷன் அவர். முதல் டெஸ்ட், கிருமி எப்போதாவது உள்ளே வந்ததா என்று மட்டும் காட்டுமாம். இப்போதும் இருக்கிறதா என்பது இரண்டாவதில்தான் தெரியுமாம். இருந்தது. வருஷக்கணக்காகச் சத்தமே இல்லாமல் ஈரலைக் கெடுத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. நான் பயந்துபோய் அவர் தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தேன். அதற்கு டாக்டரம்மா அன்புக்கரசியிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது, ரத்தத்தோடு ரத்தம் பட்டால்தான் என்றார். இப்போது என் தட்டிலிருந்தே அப்பளத்தை எடுத்துத் தின்கிறார்.

பச்சை குத்தினீர்களா, ரத்தம் ஏற்றினீர்களா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்த டாக்டரம்மா சவரக் கத்தி என்றதும் நான் நைனாவைத் திரும்பிப் பார்த்தேன். பனமலையில் குலசாமிக்கு மொட்டை போடும்போது பங்காளிகள் எல்லோருக்கும் ஒரே கத்திதானே. கத்தி மாறினால் குடும்பம் பிரிந்துவிடும் என்று ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத் தலையைக் கொடுப்பீர்கள். முடி எடுக்கிற பச்சமுத்து ஆளுக்கொரு பிளேடு கொண்டுவந்தபோது, "இன்னா பச்சமுத்து, எங்கள பிரிக்கப் பாக்கிறியா" என்று உன் பெரியப்பா அரங்கநாதன் விரட்டியதை நீயே பார்த்தாய். கத்தியால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் கூட உட்கார்ந்த எல்லோரும் பார்த்துவிடுங்கள் என்றார் டாக்டரம்மா. நைனா சிங்கவரம் போய்ச் சொன்னதற்கு, "சாமி கத்தி மேல பழி போடறியாடா தொரை" என்று பெரியப்பா கத்தியிருக்கிறார். நைனா முகம் செத்துப்போய்த் திரும்பினார். மறுவாரம் பெரியப்பாவே கடை வாசலில் வந்து நின்றார். "ஒரே கத்தியில தல குடுத்தோம், இப்ப நீ மட்டும் தனியா ஆஸ்பத்திரிக்கு அலைவியா, வாடா போலாம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும் கிருமி இருந்தது. இரண்டு பேரும் மாத்திரை சாப்பிடுகிறார்கள், அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே தருகிறார்கள். மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டால் அநேகமாக எல்லோருக்கும் குணமாகிவிடுமாம்.

மற்ற பங்காளிகள் எல்லோரும் பார்த்தாகிவிட்டது, மீதி நீ ஒருவன்தான். போன மொட்டையில் நைனாவுக்கு அடுத்து உட்கார்ந்தது நீ. அவர் காதோரம் கத்தி பட்டு ரத்தம் வந்தது, பச்சமுத்து கத்தியைத் துண்டில் துடைத்துவிட்டு உன் தலையில் வைத்தார், நான் பக்கத்தில் நின்று சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தேன். நைனா இதை உன்னிடம் சொல்ல மாட்டார். மாத்திரையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் "அவன் டெஸ்ட் எடுத்தானா" என்று என்னைத்தான் கேட்கிறார். இல்லை என்றால் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். கிருமிக்கு மாத்திரை இருக்கிறது கண்ணு, அந்த மனுஷன் முகத்துக்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

வருகிற ஆடியில் ஆளுக்கொரு பிளேடு என்று பெரியப்பாவே பச்சமுத்துவிடம் சொல்லிவிட்டார். அங்கே சலூனிலும் புது பிளேடு போடச் சொல்லிக் கண்ணால் பார்த்துவிட்டு உட்கார். மழையில் நனையாதே. வேர்க்கடலை வறுத்து அனுப்புகிறேன், ரூமில் எல்லோருக்கும் கொடு. முடிவு எதுவானாலும் நீ என் பிள்ளை, பயப்படாமல் போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடு, அன்றைக்கே எனக்குப் போன் செய். நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அம்மா,
சாரதா.

இதை ஒட்டுவதற்கு முன் நைனா வாங்கிப் படித்தார். காதோரம் ரத்தம் வந்ததை மட்டும் அடித்துவிடு, பிள்ளை பயந்துடுவான் என்றார். நான் அடிக்கவில்லை.