வட்ட சீல் வைத்த பூனை உத்தரவு

ஜூன் 8, 2025, ஞாயிறு

இன்று சங்கக் கூட்டம். குருசுக்குப்பத்தில் எட்டே வீடுள்ள கட்டிடம். அதற்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு வட்ட சீல், சீலுக்கு ஒரு செயலாளர். அது நான். போன வருஷம் தேர்தல் நடந்தபோது நான் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு மறுப்புச் சொல்ல முடியாத ஒரே ஆள் நான்தான்.

பேசியது பூனையைப் பற்றி மட்டும். மூன்றாம் மாடி அஞ்சலாட்சி அக்கா மொட்டை மாடியில் காயப்போட்ட வாளைக் கருவாட்டில் பாதியைக் காணோமாம். "அது தின்னுட்டுப் போவுது, நாங்க வாசனைய மோந்துகினு ஒக்காந்திருக்கோம். நீ இன்னா செக்ரட்ரி?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான்.

திருடியது சாம்பல் பூனை என்று எல்லோருக்கும் தெரியும். யாருடைய பூனையும் இல்லை. கீழ்வீட்டு மதாம் ஏவ்லின் மட்டும் அதை மினூ என்று கூப்பிட்டு, தினமும் இரண்டு வேளை சோறும் மீனும் பிசைந்து வைக்கிறார். கூட்டத்துக்கு அவர் வரவில்லை. மாதா கோயிலுக்குப் போயிருந்தார்.

ஜூன் 10, செவ்வாய்

காலாப்பட்டில் என் ஆபீசில் இன்று வேலை இல்லை. எனக்கு வேலை இல்லாவிட்டால் ஊருக்கு ஆபத்து என்பார் என் வீட்டுக்காரர் கோபிநாத். சங்கத்தின் தாளில் ஒரு அறிவிப்பு எழுதினேன்:

"நாடு கடத்தல் உத்தரவு. மினூ என்கிற சாம்பல் பூனை கருவாட்டுத் திருட்டில் மும்முறை பிடிபட்டதால், இம்மாதம் 13ஆம் தேதி மாலைக்குள் ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விடப்பட வேண்டும். பூனையின் தரப்பு கேட்கப்பட்டது. அது விசாரணை முழுவதும் கால் நக்கிக்கொண்டிருந்தது."

கையெழுத்து, வட்ட சீல், எல்லாம் வைத்துப் படிக்கட்டுக்குக் கீழே பலகையில் ஒட்டினேன். குரூப்பிலும் படம் போட்டேன். பதினோரு சிரிப்பு வந்தது. அஞ்சலாட்சி அக்கா மட்டும் கை கூப்பி அனுப்பியிருந்தார்.

முதல் மாடி முசியே பிரூனோ கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை. தேதியை மட்டும் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர், எங்கள் ஊர் பாஷையில் சொல்தா. செடிக்குத் தண்ணீர் ஊற்றக்கூட ஷேவ் பண்ணிக்கொண்டு வருகிறவர். நகைச்சுவை புரியவில்லை போல, பாவம் என்று நினைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

பாவம் நான்தான்.

ஆபீஸ் விட்டு வந்தபோது ஏவ்லின் கிண்ணத்தோடு மாடிப்படியில் நின்றிருந்தார். "மினூ காலையிலேருந்து வரல." மோட்டார் ரூமுக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம். பழைய சாக்குக்குப் பின்னால் நாலு குட்டிகள், கண் திறந்து ரெண்டு மூணு நாள் ஆகியிருக்கும். அது குட்டி போட்டது ஏவ்லினைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் சும்மா விடமாட்டார்கள் என்று சொல்லாமலே வைத்திருந்தாராம்.

அப்போது பிரூனோ இறங்கி வந்து என் முன்னால் நேராக நின்றார். "உத்தரவு நிறைவேத்தியாச்சு, மதாம் செக்ரெத்தேர். சாக்குல கட்டி, ஆத்துக்கு அக்கர நோணாங்குப்பம் போட் ஹவுஸ் பின்னாடி விட்டேன். கிழிக்கல, கடிக்கல. நல்ல பூனை."

"முசியே, அது வெளையாட்டுக்கு எழுதினது."

"சீல் வச்சிருந்துதே?"

வருஷா வருஷம் தான் உயிரோடு இருப்பதாக ஒரு தாளில் சீல் வாங்கிப் பிரான்சுக்கு அனுப்பினால்தான் அவருக்குப் பென்ஷன் வரும். அந்தச் சீல் விழும்வரை தான் உயிரோடு இருப்பதையே அவர் நம்பமாட்டார். அவரிடம் போய் நான் சீல் வைத்து விளையாடியிருக்கிறேன்.

ஏவ்லின் என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூன் 14, சனி

காலையில் கால்நடை டாக்டர் பூர்ணிமாவுக்குப் போன் பண்ணினேன். எங்கள் ஆபீஸ் கான்டீனில் அறிமுகமானவர், என் கிண்டலுக்குச் சிரிக்காத பெண்.

"ரெண்டு வாரக் குட்டின்னா பவுடர் பால் கரைச்சி டிராப்பர்ல, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ. ஆனா அம்மா இல்லாட்டி கஷ்டம்தான். சீக்கிரம் கண்டுபிடிங்க. அப்புறம் ஒண்ணு, நீங்க பண்ணது தப்பு தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"மனசாட்சிய சொல்லல, சட்டத்த சொல்றேன். சோறு தண்ணி கெடைக்காத எடத்துல ஒரு பிராணிய விட்டுட்டு வர்றது 1960லேருந்தே குத்தம். தெருப் பிராணிய ஆபரேசனுக்குப் பிடிச்சாக்கூட, முடிஞ்சதும் பிடிச்ச எடத்துலயே விடணும். 2023 விதியில சங்கத்துக்கும் பொறுப்பு இருக்கு. சாப்பாடு வைக்க எடமும் நேரமும் ஒதுக்கித் தரணும். நீங்க செக்ரட்ரிதானே, படிச்சதே இல்லியா?"

நான் சங்க விதிகளையே படித்ததில்லை.

பிரூனோவிடம் போய்ச் சொன்னேன். உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "அந்தச் சட்டம் யார் போட்டது?"

"பார்லிமெண்ட்."

"அப்போ உங்க உத்தரவு செல்லாது."

"செல்லாது முசியே."

"ரத்துன்னு எழுதிக் குடுங்க."

எழுதினேன். ஒரு வரி. அதில் ஒரு கிண்டல்கூட இல்லாமல் எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆனது. சீல் வைத்ததும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பூட்ஸ் மாட்டிக் கிளம்பிவிட்டார். நானும் பின்னாலேயே. நோணாங்குப்பத்தில் சனிக்கிழமைக் கூட்டம், படகுக்கு வரிசை. கூட்டத்துக்குப் பின்னால் "மினூ, மினூ" என்று ஒரு சொல்தாவும் ஒரு குண்டுப் பெண்மணியும். மீன் வெட்டுகிற அம்மா கேட்டார், "கொழந்தையா?" "இல்லம்மா, பூனை." "பூனையா? இங்க நாப்பது இருக்குது, புடிச்சிக்கினு போங்க."

நாற்பதில் ஒன்றும் சாம்பல் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

விடியும்போது ஒரு குட்டி எழுந்திருக்கவில்லை. ஏவ்லின் அதைக் கைக்குட்டையில் சுற்றி, செம்பருத்திக்குக் கீழே புதைத்தார். நான் பள்ளம் தோண்டினேன்.

மதியம் பிரூனோ வந்து ஏவ்லினின் கதவைத் தட்டினார். "மதாம், என் கொரலுக்கு அது வராது. என் கொரல் சாக்குக் கொரல். நீங்க வரணும்." ஏவ்லின் வெயிலில் வெளியே போகிறவர் இல்லை. ஆனால் கிண்ணத்தையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். நான் குட்டிகளோடு இங்கேயே இருந்தேன். ஆபீசில் கோப்பு பார்ப்பது போல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை டிராப்பர். கோபிநாத் பால் கலக்கித் தந்தார். "இதையும் எழுதி ஒட்டுவியா?" என்றார். இல்லை என்றேன்.

அஞ்சரை மணிக்கு ஆட்டோ சத்தம். ஏவ்லினின் மடியில் முந்தானைக்குள் மினூ. கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் இருந்ததாம். கிண்ணத்தை ஸ்பூனால் தட்டித் தட்டி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் தலை தெரிந்ததாம். மோட்டார் ரூமில் இறக்கி விட்டதும் முதலில் எங்கள் மூவரையும் பார்த்துச் சீறியது. பிறகு சாக்குக்குப் பின்னால் போய்ப் படுத்தது. மூன்று குட்டிகளும் முட்டிக்கொண்டு ஏறின. நாலாவதைத் தேடி அது எழுந்து ஒரு சுற்று வந்து மறுபடி படுத்தது.

பிரூனோ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

ஜூன் 17

பலகையிலிருந்து உத்தரவைக் கிழித்தேன். பசை நன்றாக ஒட்டியிருக்கிறது. பாதிதான் வந்தது.

ஜூன் 29, ஞாயிறு

கூட்டம். டாக்டர் தந்த விதியை வாசித்தேன். சோறு வைக்கும் இடம் படிக்கட்டுப் பக்கமும் நுழைவாயில் பக்கமும் இருக்கக் கூடாது, குழந்தைகள் விளையாடும் இடத்திலும் கூடாது. எங்கள் கட்டிடத்தில் இந்த மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது மோட்டார் ரூமின் பின்பக்கம் மட்டும். சரி, அங்கேயே. காலை ஏழு, மாலை ஆறு. கிண்ணம் கழுவி வைக்க வேண்டும். குட்டிகள் பால் மறந்ததும் மினூவுக்கு ஆபரேசன், பிறகு இதே இடம்.

அஞ்சலாட்சி அக்கா எழுந்தார். "ஆபரேசன் பண்ணா கருவாடு துண்ணாதா?"

"துண்ணும்க்கா. ஆனா வருசத்துக்கு எட்டுப் பேரக் கூட்டிக்கினு வந்து துண்ணாது" என்றேன்.

"அப்போ என் கருவாட்டுக்கு எந்தச் சட்டம்?"

நியாயமான கேள்வி. பிரூனோ, "கம்பி வலை போட்டுப் பெட்டி செஞ்சித் தரேன், மதாம். அளவு சொல்லுங்க" என்றார். அக்கா கொஞ்சம் யோசித்து, "ரெண்டு தட்டு வச்சி செய்யி" என்றார். தீர்மானம் நிறைவேறியது.

ஏவ்லின் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் கை தூக்கினார். என் பக்கம் பார்க்கவில்லை.

ஜூலை 20

ஏவ்லின் இன்னும் பேசவில்லை. "போன்ஷூர் மதாம்" சொன்னால் தலையை மட்டும் ஆட்டுகிறார். நானும் தினம் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 23, சனி

இரண்டு குட்டிகள் அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டன. மூன்றாவது ஏவ்லினின் நாற்காலிக்கு அடியில் குடியேறிவிட்டது. மினூவுக்குப் புதனன்று ஆபரேசன். மூன்று நாள் டாக்டர் பூர்ணிமாவிடம் இருந்தது. இன்று காலை பிரூனோவும் நானும் கூடையில் கொண்டுவந்தோம். அடையாளத்துக்கு இடது காதின் நுனியைக் கொஞ்சம் வெட்டியிருக்கிறார்கள். வழியெல்லாம் அவர் கூடையை மடியில் வைத்து, வேகத்தடை வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

மோட்டார் ரூமில் கூடையைத் திறந்தோம். வெளியே வரவில்லை. ஏவ்லின் கிண்ணத்தோடு முழங்காலில் உட்கார்ந்தார். பிரூனோ வாசலில் நின்றார். நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம்.

"சிவசங்கரி," என்றார் ஏவ்லின், திரும்பாமலே. "கொஞ்சம் தள்ளிப் போம்மா. அது ஒன்னப் பாத்துத்தான் வரமாட்டேங்குது."

தள்ளிப் போனேன். ஸ்கூட்டர்களுக்குப் பின்னால், தூணோரம், எதுவும் தெரியாத இடத்தில் நின்றேன். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் நான் நின்றது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. ரொம்ப நேரம் கழித்துக் கிண்ணம் தரையில் நகரும் சத்தம் கேட்டது.