கழுவக் கூடாத கல்

என் செல்வின் மக்கா,

உன் நாற்பத்தொன்றாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாம் சாப்பாட்டைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அதைச் சொல்ல இந்தக் கடிதம் இல்லை. உன் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும், சொல்லவும் பயமாக இருக்கிறது.

வீட்டுக்கு டைல்ஸ் போடுகிறார்கள் என்று உன் கடல்மீன் தொட்டியைக் கலைத்தாய். இரண்டு கோமாளி மீனையும் கோட்டாற்றுக் கடைக்காரரிடம் விட்டாய். தொட்டிக்குள் கிடந்த பதினோரு கல்லை மட்டும் நீல டிரம்மில் உப்புத் தண்ணீரோடு என் வீட்டுப் பின்பக்கம் கொண்டு வைத்தாய். "ஊர்ல கல்லுக்கா பஞ்சம், இதுக்குப் போயி காவலா?" என்று நான் கேலி செய்தேன். நீ சிரிக்கவே இல்லை.

"கல்லுல கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்குக்கா. மீனுக்க கழிவுல உள்ள விஷத்தத் தின்னு தண்ணிய நல்லதாக்கது அதுதான். வெறுங்கல்லப் போட்டா மீன் ஒரு வாரம் தாங்காது. மோட்டார் ஓடணும், தண்ணி நிக்காம அனங்கிட்டே இருக்கணும். வத்துனா நல்ல தண்ணி விடு, உப்பு போடாத. அப்பப்ப ஒரு நுள்ளு மீன்தீனி போடு, இல்லண்ணா கிருமி பட்டினி கெடந்து சாவும். கழுவ மட்டும் செய்யாத."

"நாறுனா?"

"அழுகுன முட்ட நாத்தம் வந்தா முடிஞ்சுது."

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டு நின்ற நீ அப்படியே சரிந்து விழுந்தாய். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. உன் வீட்டில் தரையெல்லாம் பெயர்ந்து கிடந்ததால் என் வீட்டில்தான் உன்னைக் கிடத்தினோம்.

பெட்டி வாசலைத் தாண்டியதும் வீட்டைக் கழுவிவிடுவதுதானே நம் வழக்கம். அதற்காகச் சித்தி பின்தங்கினாள். நான் கல்லறையிலிருந்து திரும்பி வந்தபோது டிரம் சரிந்து கிடந்தது. பின்மதில் மேல் பத்துக் கல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. பிளீச்சிங் பவுடர் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, பளபளவென்று வெளுத்திருந்தாள். அவள் விரலெல்லாம் பவுடர் பட்டுத் தோல் உரிந்திருந்தது.

"சாவு நடந்த வீட்டுல பாசித் தண்ணி வச்சிருக்கப்பிடாது மோளே" என்றாள். கல்லறையில் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. உனக்காக அழுகிறேன் என்று நினைத்து அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அவளை நான் என்னவென்று திட்ட?

பெரிய கல் ஒன்று மட்டும் டிரம்முக்குள் நாலு விரல் தண்ணீரில் கிடந்தது. அதைத் தூக்கச் சித்தியின் இடுப்பு இடம் கொடுக்கவில்லையாம். அது ஒன்று போதும் என்றார் கடைக்காரர். மற்ற பத்தையும் பவுடர் வாடை போகும்வரை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் உலர்த்தி, அதன் பக்கத்தில் வைத்தால் கிருமி மெல்லப் பரவுமாம். ஆனால் கிறிஸ்மஸுக்கு முன்னால் அவர் கடையை மாற்றுகிறார். அதுவரைதான் மீனை வைத்திருக்க முடியும், பிறகு விற்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். இந்தக் கல் செத்தால் உன் மீன்கள் வீடு திரும்பாது.

டிரம்மை நிமிர்த்தி, அவரிடம் வாங்கிய உப்புத் தண்ணீரை நிரப்பி, மோட்டாரைப் போட்டேன். அன்றிலிருந்து கரண்டு போய்விடுமோ என்று பயந்து வாழ்கிறேன். மோட்டார் நின்றால் எனக்கும் மூச்சு நிற்கிறது. நேற்று மதியம் தொடங்கிய காற்றுமழையில் தெருமுனைக் கரண்டு போஸ்ட் சாய்ந்துவிட்டது. "ரெண்டு நாளாவது ஆவும்க்கா" என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போனார். அவசரத்துக்கு வாங்கி வைத்திருந்த பேட்டரி மோட்டாரும் இன்று காலை ஓய்ந்துவிட்டது. அப்போதிலிருந்து ஒரு செம்பால் தண்ணீரை முகந்து முகந்து ஊற்றுகிறேன். தோள் விட்டுப்போகிறது. சற்று முன்பு குனிந்து மோந்தேன். ஒரு வாடை இருக்கிறது. சாக்கடை நிரம்பிய வாடையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "நனைஞ்ச பேப்பர்ல பொதிஞ்சு கொண்டு வாங்க, இஞ்ச ஜெனரேட்டர் ஓடுது" என்றார். ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது, பஸ் இல்லை என்றேன். அப்போதுதான் அவர் சொன்னார்: "மீன் கொண்டுவந்த அன்னைக்கே செல்வின் நெஞ்சப் பிடிச்சிட்டு அரைமணி நேரம் இங்கதான் இருந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு கூப்பிட்டேன், கேக்கல. அக்காகிட்ட சொல்லாண்டாம், அவ பதறிப்போவான்னாரு. எனக்கும் மனசு கேக்காமத்தான் கெடந்துது."

செம்பைக் கீழே வைத்துவிட்டேன், செல்வின். கல்லுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அத்தனை சொன்னாயே, உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா? தெரிந்துதான் கல்லை என்னிடம் கொண்டு வந்தாயா? உன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அன்று உன் முகத்தை ஒழுங்காகப் பார்க்காத என் மேல் அதைவிட.

மரத்தை வெட்டுகிற சத்தம் கேட்கிறது. வழி திறந்ததும் கல்லைப் பொதிந்துகொண்டு போகிறேன். பிழைத்தால் எழுதுவேன். செத்திருந்தாலும், செத்துவிட்டது மக்கா என்றே எழுதுவேன். நீ பதறுவாய் என்று உன்னிடம் எதையும் மறைக்க மாட்டேன்.

சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் பதறிவிட்டு உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பாளே,
அந்த அக்கா,
ஸ்டெல்லா