பனியில் சாய்ந்த பானை

என் மீனாட்சி அக்காவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் உங்களை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள் அக்கா. நேற்று நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலர் கைக்கு வந்தது. படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்?

‘மாண்ட்ரியலில் நம் முதல் பொங்கல்’ என்று ஒரு கட்டுரை. வாடகை ஹாலில் எடுத்த படம், கோட்டு சூட்டில் ஆறு பேர். படத்துக்கு அடியில் பொடி எழுத்தில், ‘சமையல் உதவி: திருமதி ராகவன்.’ காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்திய உங்களுக்குச் சொந்தப் பெயர்கூடவா இல்லாமல் போயிற்று?

அந்த ஹால் பொங்கல் எழுபதுகளில் வந்தது. முதல் பொங்கல் அதற்கும் முன்னால், அறுபதுகளின் கடைசியில், மாண்ட்ரியலை ஒட்டிய புவாண்ட்-கிளேரில் உங்கள் வீட்டு வாசலில் நடந்தது. "சூரியனுக்கு நேரா பால் பொங்கி வழியணும். கிச்சன்ல வெச்சா அது வெறும் சாதம்" என்று அடம்பிடித்தீர்கள். இறுகிக் கிடந்த பனிமேல் மூன்று செங்கல்லை வைத்து விறகை மூட்டினீர்கள். பட்டுப்புடவைக்கு மேல் உங்கள் வீட்டுக்காரரின் ஓவர்கோட், காலில் அவருடைய பூட்ஸ். ராகவன் சார் அன்று ஊரிலேயே இல்லை.

பனி உருகும் என்று கெமிஸ்ட்ரி டீச்சருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சூட்டில் ஒரு செங்கல் உள்ளே இறங்க, பானை சாய்ந்தது. நாம் போட்ட கூச்சலைக் கேட்டு, புகையையும் பார்த்து எதிர்வீட்டுக்காரி போன் செய்துவிட்டாள். தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு வந்து நின்றது.

அப்போது நம் ஆண்கள் எங்கே? வீட்டுக்குள், ஜன்னல் திரைக்குப் பின்னால்! "போலீஸ் கேஸ் ஆயிடும், யாரும் வெளியில போகாதீங்க" என்று கிசுகிசுத்த ரங்கநாதன்தான் இன்று சங்கத் தலைவர். அந்தக் கட்டுரையை எழுதியதும் அவரேதான்.

நீங்கள் கரண்டியும் கையுமாக, "போன்ஜூர்! ப்ளீஸ், தண்ணிய அடிச்சிடாதீங்க, ஒன் மினிட்!" என்று மூன்று மொழியையும் கலந்து கத்தினீர்கள். வந்தவர்களில் ஒரு பெரிய மீசைக்காரர், என்ன புரிந்துகொண்டாரோ, தடித்த கையுறையோடு பானையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். பால் பொங்கி அவர் கையுறைமேல் வழிந்தது. நாம் ‘பொங்கலோ பொங்கல்’ என்று கத்த, அவரும் கத்தினார். ரங்கநாதன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்ததா? பானை வீட்டுக்குள் போனதும் முதல் ஆளாகத் தட்டை நீட்டியது மட்டும் அவர்தான்.

நேற்றே போன் பண்ணிக் கேட்டேன். "அது வீட்டு விசேஷம்மா. சங்கம் நடத்தினாத்தானே வரலாறு?" என்றார்.

"அன்னிக்குத் திரைக்குப் பின்னாடி நின்னீங்களே சார், அது எந்த வரலாறு?" என்றேன். போனை வைத்துவிட்டார். பிறகு அழுதேன், அது வேறு.

இப்போதெல்லாம் ஹாலில் அடுப்பு மூட்டக் கூடாதாம். யாரோ வீட்டில் செய்து அலுமினியத் தட்டில் கொண்டுவருகிறார்கள். ஆறிப்போன அதைச் சுற்றி நின்று ‘பொங்கலோ பொங்கல்’ என்கிறார்கள். எது பொங்கிற்று என்று இந்தக் கூச்சல், சொல்லுங்கள்?

வருகிற தை முதல் நாள், கர்க்லாண்டில் என் வீட்டு வாசலில் பானை ஏறும் அக்கா. பனியைத் தரை தெரியச் சுரண்டிவிட்டுத்தான் செங்கல் வைப்பேன். வருகிற ஒவ்வொருவருக்கும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் தட்டை நீட்டுவேன். ரங்கநாதனையும் கூப்பிடுவேன். அவர் வந்து சேர்வதற்குள் முன்ஜன்னல் திரையைக் கழற்றித் துவைக்கப் போட்டிருப்பேன்.

உங்களோடு வாசலில் நின்ற தங்கை,
வசந்தா